ஷங்கரா, ரவிக்குமாரா? கணக்கு டேலி ஆகலையே!

தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு வழக்குகள் வருடா வருடம் விசாரணைக்கு வரும். மேட்டூரை இந்த வருடம் ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்பது ஒன்று. அதற்காவது அணையின் நீர்மட்டம் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. இத்தனை அடி என்று பார்த்து ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். இரண்டாவது வழக்குக்கு அளவுகோலே கிடையாது. தமிழில் சயின்ஸ் பிக்‌ஷன் கதையை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர் ஷங்கரா, ஆர்.ரவிக்குமாரா?

ஷங்கர் கட்சிக்காரர்கள் எந்திரனில் (2010) ஆரம்பித்து 2.0-வில் (2018) முடிப்பார்கள். ரவிக்குமார் கட்சி 'இன்று நேற்று நாளை'யில் (2015) ஆரம்பிக்கும். அயலான் (2024) வந்த பிறகு சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது, ஆனால் கட்சி கலையவில்லை. நடுவில் '24'-க்காக (2016) விக்ரம் குமாருக்குக் கொடி பிடிக்கும் சூர்யா ரசிகர்கள், மாநாட்டுக்காக (2021) வெங்கட் பிரபுவைத் தோளில் தூக்கி வரும் சிம்பு ரசிகர்கள். ஓரமாக ஒருவர் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு படமா? நோலன் படம் பாருங்கடா" என்பார். அதுவரை அடித்துக்கொண்ட எல்லாக் கட்சிகளும் கூட்டணி வைத்து அவரை அடிக்கும். :-)

சண்டை போடுவதில் தப்பே இல்லை. சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று அடித்துக்கொண்ட ஊர்தானே இது. வேதனை என்னவென்றால், இந்தச் சண்டையில் கதையைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை என்பதுதான். பேச்சு எப்படிப் போகும் தெரியுமா?

"மாப்ள, 2.0 பட்ஜெட் என்னன்னு தெரியுமா? ஐநூறு கோடிடா! இந்தியாவுலயே எவனும் யோசிக்கல."

"போடா, ஐநூறு கோடியைக் கொட்டி எவன் வேணா எடுப்பான். எங்காளு சின்ன பட்ஜெட்ல டைம் மெஷினே காட்டினாரு. அதுதாண்டா திறமை."

கவனியுங்கள். இரண்டு பேரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரியும். உண்மையில் இரண்டு பேருமே பேசுவது பட்ஜெட்டைப் பற்றித்தான். ஒருவருக்கு செலவு அதிகமானால் படம் உசத்தி, இன்னொருவருக்கு செலவு குறைந்தால் உசத்தி. வைக்கோல் போரின் உயரத்தை வைத்து நெல்லின் ருசியைச் சொல்கிற கதை. அடுத்தது முதல் நாள் வசூல், அதற்கடுத்தது எத்தனை கிராபிக்ஸ் ஷாட், பிறகு எத்தனை நாடுகளில் ரிலீஸ். முதல் நாள் வசூல் என்பது என்ன? அந்த இயக்குநரும் நடிகரும் போன படம் வரைக்கும் சேர்த்து வைத்த நல்ல பெயரை மக்கள் காசாக்கிக் கொடுப்பது. புதுப் படம் எப்படி இருக்கிறது என்று காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவருக்கு எப்படித் தெரியும்? வணிகவியலில் இதற்குப் பெயர் குட்வில். போன படத்தின் குட்வில்லைக் காட்டி இந்தப் படத்தின் கதை பிரமாதம் என்று சாதிப்பது, தாத்தா காலத்து நஞ்சையைக் காட்டிப் பேரன் நல்ல விவசாயி என்று சொல்வதற்குச் சமம்.

அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? இருக்கிறது ஒரு வழி. பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பதுதான்.

இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் அதே தொகைக்கு வரவு எழுத வேண்டும். எதுவும் சும்மா வராது, எதுவும் சும்மா போகாது. கடைசியில் இருப்பாய்வு போடும்போது இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். ஆகவில்லையென்றால்? வித்தியாசத் தொகையை 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பில் தற்காலிகமாகத் தள்ளி வைக்கலாம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே சஸ்பென்ஸ் அக்கவுண்ட். (கணக்குப் புத்தகம் எழுதினவர் சினிமா ரசிகராக இருந்திருப்பார் போல!) ஆனால் பிழையைக் கண்டுபிடித்து அதைத் தீர்த்தே ஆகவேண்டும். அனாமத்திலேயே வைத்து ஆண்டுக் கணக்கை முடித்தால் ஆடிட்டர் விடமாட்டார்.

சயின்ஸ் பிக்‌ஷன் கதையும் இப்படித்தான். இயக்குநர் முதலில் ஒரு பெரிய பொய்யைச் சொல்கிறார். ரோபோ யோசிக்கும், கடிகாரம் காலத்தைத் திருப்பும், வானத்திலிருந்து ஒருவன் இறங்கி வருவான் என்று. பார்வையாளன் அந்த ஒரு பொய்யைக் கடனாகக் கொடுக்கிறான். அதன்பிறகு ஒவ்வொரு லாபத்துக்கும் கதையில் யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டும், அதுவும் இயக்குநரே போட்ட விதிப்படி. புதிதாக இன்னொரு பொய் வேண்டுமென்று பாதியில் வந்து மறுபடி கடன் கேட்கக் கூடாது. இதை எவ்வளவு நாணயமாகச் செய்கிறார் என்பதுதான் இந்த வகைப் படத்தில் கதை சொல்லும் திறமை. மற்றதெல்லாம் விளம்பரச் செலவு.

டீ கிளாஸ்காரரையே சாட்சிக்கு அழைப்போம். நோலனின் இன்டர்ஸ்டெல்லர் (2014). கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு வருடம். இதுதான் விதி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். படத்துக்கு ஆலோசகராக இருந்தவர் கிப் தோர்ன், பிறகு 2017-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். விதி கண்டபடி போடப்பட்டதல்ல. கூப்பர் இறங்குகிறான், கொஞ்சம் தாமதமாகிறது, திரும்பி வந்தால் 23 வருடம் போய்விட்டது. பிள்ளைகள் வருடக்கணக்காக அனுப்பிய வீடியோக்களை உட்கார்ந்து பார்த்து அழுகிறான். சண்டை கிடையாது, வெடிகுண்டு கிடையாது. பற்று எழுதியதற்கு வரவு எழுதினார்கள், அவ்வளவுதான். தியேட்டரே அழுதது.

இன்னொன்று, அந்தப் படத்தின் கதாநாயகன் ஒரு விவசாயி. பயிரெல்லாம் நோயில் அழிந்து கடைசியில் மக்காச்சோளம் மட்டும் மிஞ்சியிருக்கும் உலகம். அதற்காக நோலன் கனடாவில் 500 ஏக்கரில் நிஜமாகவே மக்காச்சோளம் பயிரிட்டார். படப்பிடிப்பு முடிந்து மிஞ்சியதை விற்று லாபமும் பார்த்தார். (டெல்டாவில் இதைச் சொன்னால், படத்தை விட்டுவிட்டு அவர் எந்த ரக விதை போட்டார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.) அதே நோலன் 2020-ல் டெனெட் எடுத்தார். விதி மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது. விலை கொடுத்தவர் யார், ஏன் நாம் கவலைப்பட வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. நோலன் என்ற பெயரை வைத்து இரண்டு படத்துக்கும் ஒரே மார்க் போட முடியுமா? முடியாது. ஒப்பிட வேண்டியது இயக்குநரை இயக்குநரோடு அல்ல, படத்தைப் படத்தோடு. ரசிகர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

சரி, எந்திரனுக்கு வருவோம். ரவிக்குமார் கட்சிக்குக் கசந்தாலும் சொல்லியாக வேண்டும். எந்திரனின் முதல் பாதி தமிழ் சினிமா எழுதிய மிகச் சுத்தமான கணக்குகளில் ஒன்று. விதி: சிட்டிக்கு எல்லாம் தெரியும், ஆனால் எதன் அர்த்தமும் தெரியாது. இந்த விதியை வைத்து முதலில் சிரிக்க வைக்கிறார்கள். பிறகு தீ விபத்து. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் நிறுத்துகிறது. உயிர் முக்கியம் என்று அதற்குத் தெரியும், மானம் என்றால் என்ன என்று தெரியாது. அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் லாரியில் அடிபட்டுச் சாகிறாள். அதுவரை சிரித்த அதே விதி இப்போது ஒரு உயிரை வாங்கிவிட்டது. அதனால்தான் வசீகரன் ரோபோவுக்கு உணர்ச்சியைக் கற்றுத்தர முயல்கிறான். உணர்ச்சி வந்ததும் அது அவன் காதலியையே காதலிக்கிறது. தான் படைத்ததைத் தானே வெட்டிக் குப்பையில் போடுகிறான். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து வருகிறது. டேலி!

பிறகு போராவின் சிவப்புச் சிப் வருகிறது. கணக்கு அங்கேதான் கெட்டது. காதலால் கெட்டுப்போன இயந்திரம் என்பது பயங்கரமான யோசனை. அதில் குற்றவாளி யார் என்று நம்மால் சொல்லவே முடியாது. சிப்பால் கெட்டுப்போன இயந்திரம் சாதாரண வில்லன். சிப்பைச் செருகினால் கெட்டவன், பிடுங்கினால் நல்லவன். பந்தாகவும் பாம்பாகவும் ராட்சத உருவமாகவும் சேர்ந்து வந்த ரோபோக் கூட்டத்தைப் பார்த்து விசிலடித்தோம், சரிதான். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு விதியும் இல்லை, ஒரு விலையும் இல்லை. கடைசியில் நீதிமன்ற உத்தரவுப்படி சிட்டி தன் உடம்பைத் தானே கழற்றி வைக்கும் காட்சியும், 2030-ல் அருங்காட்சியகத்தில் ஒரு குழந்தை ஏன் உன்னைக் கழற்றினார்கள் என்று கேட்க, சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று அது சொல்லும் இடமும் வந்து படத்தைக் காப்பாற்றின. ஷங்கர் ரசிகர்கள் ஷங்கரைப் புகழ எந்த இடத்தைக் காட்டுகிறார்கள்? பந்தையும் பாம்பையும். நீதிமன்றக் காட்சியை ஒருவர்கூடச் சொல்வதில்லை. தலைவர் படத்தில் எது நல்ல இடம் என்றுகூடத் தெரியாத ரசிகர்கள்!

இன்னொரு பெயரையும் சொல்வதில்லை. சுஜாதா. காவிரிக் கரையில், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த மனிதர். 1986-ல் விக்ரம் படத்துக்கு எழுதியவர், 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயை யோசிக்க வைத்தவர், இந்தியனிலிருந்து சிவாஜி வரை ஷங்கரின் பல படங்களுக்கு வசனம் எழுதியவர். எந்திரன் வெளியாவதற்கு இரண்டரை வருடம் முன்பே, 2008 பிப்ரவரியில் இறந்துபோனார். படத்தின் வசனத்தில் அவர் பெயரும் மதன் கார்க்கி பெயரும் ஷங்கர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. கதை சொல்லும் திறமையைப் பற்றி இரவு பதினொரு மணி வரைக்கும் சண்டை போடுகிறவர்கள் எழுத்தாளனின் பெயரை ஒரு தடவைகூட உச்சரிக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

எழுத்தாளர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2.0-வுக்கு எழுதியவர் ஜெயமோகன். எழுத்தைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் படம் என்ன ஆனது?

2.0 வெளியான தேதியை நினைவுபடுத்திப் பாருங்கள். 2018 நவம்பர் 29. அதற்கு 13 நாள் முன்னால், நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போனது. முப்பது நாற்பது வருடத் தென்னைகள் வேரோடு விழுந்தன. மின்கம்பங்கள் ஒடிந்தன, செல்போன் கோபுரங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பிள்ளைகள் அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் செல்போனுக்கு சார்ஜ் போட வரிசை நின்றது.

அந்த நேரத்தில் தியேட்டருக்கு வந்த படத்தின் மையச் செய்தி, செல்போன் என்பது பாவம், கோபுரம் என்பது கொலைகாரன்.

தேதி ஒத்துப்போனது ஷங்கரின் குற்றமில்லை. ஆனால் அந்தத் தேதி படத்தின் ஓட்டையை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. பட்சிராஜன் நல்ல மனிதர். பறவைகளுக்காக மனுப்போட்டு, கெஞ்சி, தோற்று, கோபுரத்தில் தூக்கு மாட்டிக்கொள்கிறார். அக்‌ஷய்குமார் வரும் அந்த அரைமணி நேரம்தான் படத்தின் உயிர். ஆனால் அவர் வாதத்துக்கு எதிர்ப்பக்கமே எழுதப்படவில்லை. செல்போன் இல்லாமல் ஒரு ஊர் என்ன பாடுபடும், அந்த விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி கதையில் வரவே இல்லை. போன்கள் பறந்துபோன பிறகும் சென்னையில் பெரும்பாலும் பார்ப்பது பதற்றத்தையும் வேடிக்கையையும்தான். கதிர்வீச்சால்தான் குருவிகள் அழிகின்றன என்பது இன்றுவரை அறிவியல் உறுதிசெய்த விஷயமும் அல்ல. படம் வருவதற்கு முன்பே செல்லுலார் ஆபரேட்டர்கள் சங்கம் தணிக்கைக் குழுவுக்குப் புகார் அனுப்பியது. அவர்கள் வியாபாரத்துக்காகச் செய்தார்கள், சரி. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியைக் கதைக்குள்ளேயே யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

செத்தவர் எப்படி ராட்சதப் பறவை ஆனார்? 'ஆரா' என்றார்கள். அவருடைய ஆராவும் செத்த பறவைகளின் ஆராவும் சேர்ந்துவிட்டதாம். மக்களே, இதுதான் அக்மார்க் அனாமத்துக் கணக்கு. டேலி ஆகாத தொகை முழுவதையும் ஆரா என்ற தலைப்பில் தள்ளிவிட்டார்கள். பேய்ப்படம் என்று சொல்லி எடுத்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். விஞ்ஞானி வேஷம் போட்டு வந்து விபூதி கொடுத்தால் கேட்கத்தான் செய்வார்கள். கடைசியில் பட்சிராஜனை அடித்துப் போட்டுவிட்டு, அவர் சொன்னதும் நியாயம்தான் என்று வசீகரன் அறிவுரை சொல்கிறார். அவர் சொன்னது நியாயம் என்றால் ஏன் அடித்தீர்கள்? அடித்தது நியாயம் என்றால் ஏன் அறிவுரை? ஐநூறு கோடியில் இதற்கு ஒரு பதில் வாங்க முடியவில்லை.

இப்போது ரவிக்குமார் கட்சிக்காரர்கள் விசிலடிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இன்று நேற்று நாளை அருமையான கணக்கு, சந்தேகமில்லை. 2065-ல் செய்த டைம் மெஷின் 2015-ல் இரண்டு வெட்டி ஆட்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் அதை வைத்து உலகத்தைக் காப்பாற்றவில்லை. தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று பழைய நாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜோசியம் என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். இந்த ஒரு யோசனைக்கே அந்த இயக்குநருக்கு மாலை போடலாம். ஹாலிவுட்டில் எவனுக்கும் தோன்றாது, ஜோசியரைத் தேடிப் போகிற ஊரில் பிறந்தவனுக்குத்தான் தோன்றும். அப்படி ஒரு தடவை போனபோது, என்கவுன்டரில் சாக வேண்டிய ஒரு ரவுடி இவர்களால் பிழைத்துவிடுகிறான். சில்லறை லாபத்துக்குப் போனவர்கள் மேல் பெரிய கடன் வந்து ஏறுகிறது. பற்று, வரவு. கடைசியில் துரத்தலும் சண்டையும் கொஞ்சம் ஓவர்தான், ஆனால் இருப்பாய்வு போட்டால் கிட்டத்தட்ட டேலி ஆகும்.

அதே கையால் எழுதியதுதான் அயலான். வருடக்கணக்கில் தாமதமாகி 2024 பொங்கலுக்கு வந்தது. வேற்றுக்கிரகப் பிராணி அழகாக இருந்தது, சித்தார்த் குரல் பொருத்தமாக இருந்தது, குழந்தைகளுக்குப் பிடித்தது. எல்லாம் சரி. கதை என்ன? பூமிக்கடியில் இருக்கும் வாயுவை எடுக்க ஒரு பணக்கார வில்லன் ஆழமாகத் துளை போடுகிறான். எல்லா உயிரையும் நேசிக்கும் மலைக்கிராமத்து விவசாயியும் வானத்திலிருந்து வந்த பிராணியும் சேர்ந்து தடுக்கிறார்கள்.

இந்தக் கதையை டெல்டாவில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். அதே வருடம் ஜூன் கடைசியில், தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க்குழாயில் கசிவு ஏற்பட்டு ஊரே தெருவுக்கு வந்தது. அந்தப் போராட்டங்களில் பேசிய விவசாயிகளும் பெண்களும் மீத்தேன், ஷேல், நிலத்தடி நீர்மட்டம் என்று சரளமாகப் பேசினார்கள். வேறு வழியில்லாமல் தாங்களே படித்துத் தெரிந்துகொண்டவர்கள். திட்டத்தால் கிடைக்கும் வேலை எத்தனை, போகும் நிலம் எத்தனை என்று இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுச் சண்டை நடந்தது. எல்லாம் நடந்து 2020-ல்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வானத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை.

அயலானின் விவசாயிக்கு இதில் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவன் நல்லவன், அது போதும். பிராணியிடமிருந்து சக்தி வந்து சேர்ந்ததும் பறந்து பறந்து அடிக்கிறான். அந்தச் சக்திக்கு என்ன எல்லை, அதைப் பயன்படுத்தினால் எதை இழக்க வேண்டும்? ஒன்றுமில்லை. வாயு வேண்டும் என்று கேட்கிறவன் பக்கம் ஒரே ஒரு நியாயமான வரியாவது இருக்கிறதா? அதுவுமில்லை. 2.0-வில் செல்போன் இருந்த இடத்தில் இங்கே துளைபோடும் எந்திரம். அதே ஓட்டை, அதே அனாமத்து. யாருடைய ரசிகன் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. குறுவைக்கு ஆடுதுறை 43 போடலாமா என்று பேசும் விவசாயி ஒரு ஆராய்ச்சி முடிவைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். மேட்டூரில் 120 அடி, 93.47 டி.எம்.சி., 2018 தீர்ப்பில் 177.25 டி.எம்.சி. என்று எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் மக்கள் இவர்கள். இப்படிப்பட்ட ஊரைப் பார்த்து, விவசாயி என்றால் மண்ணைக் கும்பிடுகிறவன், விஞ்ஞானி என்றால் கோட் போட்ட வில்லன் என்று கோடம்பாக்கம் கதை சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். பார்க்கிறவர்களாவது கேட்க வேண்டாமா? டெல்டாவில் நடக்கிற சயின்ஸ் பிக்‌ஷன் கதைக்கு வேற்றுக்கிரகம்கூட வேண்டாம், மழையை ஒரு வாரம் முன்கூட்டித் துல்லியமாகச் சொல்லும் ஒரு கருவி ஒரே ஒருத்தர் கையில் கிடைத்தால் போதும். பக்கத்து வயல்காரனிடம் சொல்வாரா மாட்டாரா? அதில் ஒரு படம் இருக்கிறது. எடுக்க ஐநூறு கோடி வேண்டாம். ஆனால் எடுத்தால் நம் ரசிகர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, "கிராபிக்ஸே இல்லையாமே?"

மற்ற கட்சிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 24-ல் கடிகாரத்துக்கு ஒரு நாள்தான் எல்லை என்ற விதி நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கடிகாரத்தைக் காதலியை அசத்துவதற்குச் செலவழித்த நேரம் அதிகம். வில்லன் ஆத்ரேயா மட்டும் இல்லையென்றால் அது ஒரு காதல் படம். மார்க் ஆண்டனி (2023) கணக்குப் பார்க்க வேண்டிய படமே இல்லை, எஸ்.ஜே.சூர்யாவைப் பார்க்க வேண்டிய படம்.

கணம் (2022) என்று ஒரு படம் வந்ததே, எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இறந்துபோன அம்மாவைக் காப்பாற்ற மகன் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். அம்மாவாக அமலா. போயும் காப்பாற்ற முடியவில்லை. விதி எழுதப்பட்டது, விலை வாங்கப்பட்டது, ஸ்ரீகார்த்திக் கடைசி வரைக்கும் அனாமத்தில் ஒரு பைசா வைக்கவில்லை. இந்தக் கட்சிச் சண்டையில் அந்தப் படத்தின் பெயர் வந்து கேட்டதுண்டா? வராது. அதற்கென்று ரசிகர் மன்றம் கிடையாது, கட்-அவுட் கிடையாது, பட்ஜெட் பெருமையும் கிடையாது. மாநாட்டுக்கு ஆறு நாள் முன்னால், 2021 நவம்பர் 19-ல், ஜாங்கோ என்று ஒரு சின்னப் படம் வந்தது. அதுவும் ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதைதான். அது நல்ல படமா மோசமான படமா என்று திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. அடுத்த வருடம் இப்படி ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர் வாசலில் நிற்கப்போகும் பையனுக்கு இந்தச் சண்டையின் பலன் இதுதான். "தம்பி, ஹீரோ யாரு? பட்ஜெட் எவ்வளவு?" கதையில் விதி என்ன, விலை என்ன என்று அவரும் கேட்கமாட்டார். கேட்கச் சொல்லி இங்கே யாரும் பழக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால் கடைசியாக ஒரு பதில் வரும். "பங்காளி, சினிமாவை சினிமாவா பாரு. காசு கொடுத்து ரெண்டு மணி நேரம் ஜாலியா இருக்க வர்றவன் லாஜிக்கா பார்ப்பான்? நம்ம ஜனங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்."

நம்ம ஜனங்களை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. மாநாடு ஓடியபோது தியேட்டரில் என்ன நடந்தது? அப்துல் காலிக் செத்தால் மறுபடி விமானத்தில் கண் விழிப்பான் என்பது விதி. இரண்டாவது தடவையே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வில்லன் தனுஷ்கோடிக்கும் போன தடவை நடந்ததெல்லாம் நினைவிருக்கிறது என்று தெரிந்த நொடியில், யாரும் விளக்காமலேயே, தரை டிக்கெட்டிலிருந்து பால்கனி வரை கத்தினார்கள். விதி மாறவில்லை, ஆனால் விலை ஏறிவிட்டது என்று அத்தனை பேருக்கும் அந்த நொடியிலேயே புரிந்தது. பள்ளிக்கூடம் தாண்டாத பாட்டிகூடப் பக்கத்து சீட்டுப் பேரனுக்கு, இப்போ இவன் செத்தா எங்கே எழுந்திருப்பான் என்று சரியாகச் சொல்லக்கூடிய படம் அது.